அளவில்லாத அழைப்பும் அளந்து கொடுத்த டேட்டாவும்

1

போன வியாழக்கிழமை வேலை முடிந்து பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது, என் மொபைல் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதாம்.

"நீங்கள் அளவில்லாத டேட்டாவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் சில மாதங்களாக அதில் கொஞ்சம்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஐந்து ஜிபி திட்டத்துக்கு மாறினால் பாதிக்கு மேல் மிச்சமாகும்," என்றார்.

இந்த நாட்டில் செலவைக் குறைக்கச் சொல்லி யாரும் தானாக அழைப்பதில்லை. வேறு நிறுவனத்துக்கு ஓடிவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். நன்றி சொல்லிவிட்டு, இருக்கிற திட்டமே இருக்கட்டும் என்றேன்.

"காரணம் சொல்ல முடியுமா? படிவத்தில் குறிக்க வேண்டும்."

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்ற இந்தத் துறைமுக நகரத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மருத்துவமனையில் செவிலியர் வேலை. நோயாளியின் மகனை ஓர் அறைக்கு அழைத்துப்போய், கெட்ட செய்தியை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லத் தெரியும் எனக்கு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை.

"என் தங்கைக்குக் காது கேட்காது," என்று ஆரம்பித்தேன்.

"தங்கையும் இதே இணைப்பில் இருக்கிறாரா?"

"இல்லை. இந்தியாவில் இருக்கிறாள். ஒரு மலையில்."

"சரி, 'மற்றவை' என்று போட்டுக்கொள்கிறேன்," என்றார் அந்தப் பெண்.

அந்த 'மற்றவை'க்குள் என்ன இருக்கிறது என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் ரீசார்ஜ் விலை ஏறிவிட்டது, மலிவான திட்டம் போதாதா, எதற்கு இத்தனை டேட்டா என்று உறவினர்களும் நண்பர்களும் என்னிடமும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

2

நான் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் பேருந்து திரும்பும் இடத்தில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். சாமை விதைப்போம், புளி உலுக்குவோம், பலாப் பருவத்தில் பலா விற்போம். அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, அங்கிருந்து நர்சிங் கல்லூரி, சென்னையில் ஒரு மருத்துவமனை, பிறகு இந்த ஊர் என்று நான் கீழே கீழே இறங்கிக் கடல் தாண்டிவிட்டேன்.

தங்கை அம்சா எனக்கு எட்டு வயது இளையவள். ஒரு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சும் வரவில்லை. ஊரில் அவளைக் கூப்பிட ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அதை இங்கே எழுத மாட்டேன். நானும் அவளும் எங்களுக்கென்று கைகளால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். என் தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. அதனால் தாடையைத் தொட்டால் நான். தோளில் விரல்களைத் தட்டினால் மழை. உள்ளங்கையை நிமிர்த்தி நெளித்தால் ஓடையில் போகும் மீன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதில் பாதி புரியும். மற்றவர்களுக்குச் சோறு, தண்ணீர், வா, போ அளவில் புரியும்.

கீழே சமவெளியில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் நான்கு வருடம் இருந்தாள். அம்மா இறந்துபோனதும் அப்பா திரும்ப அழைத்துவந்துவிட்டார். அதனால் பொருட்களின் பெயர்களை எழுதுவாள், கடைப் பலகைகளைப் படிப்பாள். வாக்கியமாக எழுதச் சொன்னால் தடுமாறுவாள். நமக்கெல்லாம் காதில் விழுந்து விழுந்து பழகிய தமிழ். அவளுக்கு அது வேற்று நாட்டு மொழி மாதிரி. நான் இங்கே வந்த புதிதில் வார்டு குறிப்புகளை எழுதத் திணறியபோதுதான் அவள் நிலை எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

சென்னையில் வேலை கிடைத்ததும் அவளுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். முதன்முதலில் வீடியோவில் அழைத்த அன்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு தன் கைகளைத் தூக்கினாள். தூரத்தில் இருக்கும் ஒருவருடன் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவரை ஒருவர் கண்ணுக்கு மறைந்தால் அவளைப் பொறுத்தவரை பேச்சும் முடிந்தது.

அப்பாவும் இறந்த பிறகு வேலு அவளைக் கேட்டு வந்தார். சந்தவாசல்காரர், சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறார். புளி ஏற்ற மலைக்கு வந்த இடத்தில் அவளைப் பார்த்திருக்கிறார். "அதுக்குப் பேச்சு வராதுன்னு எனக்குத் தெரியும் மச்சான். எனக்கு வாய் ஜாஸ்தி, சரியாப் போய்டும்," என்றார். திருமணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே தங்கி நிலத்தையும் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அவளுடைய கைப்பேச்சில் அவருக்குத் தெரிந்தது இருபது முப்பது சொல்தான். மீதிக்கு நான் இருந்தேன்.

3

மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் வீடு வாங்கத் தீர்மானித்தோம். என் மனைவி ரேவதியும் செவிலியர்தான். இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து எதையெதைக் குறைக்கலாம் என்று பார்த்தோம். கேக் கடைக்குப் போகும் பழக்கம் போயிற்று, ஒரு டிவி சந்தா போயிற்று. பிறகு என் போன். வீட்டில் வைஃபை இருக்கிறது, மருத்துவமனையில் வைஃபை இருக்கிறது, நடுவில் நாற்பது நிமிடப் பேருந்து மட்டும்தான். அதற்கு எதற்கு அளவில்லாத டேட்டா? இருப்பதிலேயே மலிவான ஐந்து ஜிபி திட்டத்துக்கு மாறினேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த வேகத்தில் அம்சாவின் ரீசார்ஜையும் பார்த்தேன். இங்கிருந்து நான்தான் போடுவேன். தினம் ஒன்றரை ஜிபி வரும் திட்டம் விலை ஏறியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது: மாதம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு ஜிபி, நூறு ரூபாய்க்கு மேல் குறைவு. அந்த நூறு ரூபாய் எங்கள் வீட்டை எந்த அளவுக்கு உயர்த்தியிருக்கும் என்று இப்போது கேட்காதீர்கள். குறைக்கும் பழக்கம் வந்துவிட்டால் கை தானாக எல்லாவற்றையும் குறைக்கிறது.

அந்த மலிவான திட்டத்தின் தலைப்பில் பெரிய எழுத்தில் 'அளவில்லாத அழைப்புகள்' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். பேசவே முடியாத என் தங்கைக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளும் வசதியை வாங்கிவிட்டு, அவள் பேசக்கூடிய ஒரே வழியை அளந்து கொடுத்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அன்று வீடியோவில் அவளிடம் சொன்னேன்: இனி ஞாயிறு மட்டும் பேசுவோம், இருபது நிமிடம். மற்ற நாளில் தேவையென்றால் எழுதி அனுப்பு. அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். ஏன் என்று கேட்கவில்லை. நானும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

4

மறுவருடம் தை மாதம். அம்சாவுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்த வாரம் டேட்டா தீர்ந்திருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை ரயிலில் போகும்போது எங்கள் மகள் இனியா என் போனில் கார்ட்டூன் பார்த்துவிட்டாள். 'உங்கள் அளவு முடிந்தது, கூடுதலாக வாங்க இங்கே அழுத்தவும்' என்று குறுஞ்செய்தி வந்தது. இன்னும் ஐந்தே நாளில் புது மாதம் தொடங்கிவிடும். அதுவரை என்ன குடிமுழுகிப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு இருட்டில் பேருந்து ஏறினேன். அப்போது மலையில் நண்பகல். பயணம் முழுக்க நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். மருத்துவமனையில் வைஃபையில் நுழைய ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்தைத் திறந்து சம்மதம் அழுத்த வேண்டும். அன்று நேரமாகிவிட்டதால் அதைச் செய்யாமல் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வார்டுக்குப் போனேன்.

அன்று காலை என் பொறுப்பில் ஒரு வங்காளத்துப் பாட்டி இருந்தார். ஆங்கிலம் தெரியாது. எங்கள் வார்டில் அதற்கென்று ஒரு டேப்லெட் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எங்கிருந்தோ ஒரு மொழிபெயர்ப்பாளர் திரையில் வருவார். அவர் மூலம் கேட்டு, வலி இடுப்பில் இல்லை, முதுகில் என்று தெரிந்துகொண்டேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு பதினொரு மணிக்கு இடைவேளைக்குப் போய் போனைத் திறந்து வைஃபையில் சேர்ந்தேன்.

ஒன்பது தவறிய வீடியோ அழைப்புகள். எல்லாம் அம்சா. ஒரு வீடியோ செய்தி, பதினெட்டு நொடி.

ஏதோ ஒரு சுவர் ஓரமாக நின்று, யாரையோ தன் போனைப் பிடிக்கச் சொல்லி எடுத்திருக்கிறாள். வயிற்றைத் தொட்டாள். உள்ளங்கையை நிமிர்த்தி நெளித்தாள்: மீன். பிறகு அந்தக் கையை அப்படியே அசையாமல் வைத்துக் காட்டினாள். மறுபடியும் செய்தாள். வயிறு, மீன், அசையாத கை. கடைசியில் தாடையைத் தொட்டாள். அது நான்.

வயிற்றில் குழந்தை அசைவதை அவள் மீன் என்றுதான் சொல்வாள். ஐந்தாவது மாதத்தில் முதலில் உணர்ந்தபோது என்னிடம் அப்படித்தான் காட்டினாள். குழந்தை அசையவில்லை என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பது செவிலியர் படிப்பின் முதல் பாடங்களில் ஒன்று. முதல் அழைப்பு வந்து நாலரை மணி நேரம் ஆகியிருந்தது.

வேலுவை அழைத்தேன். உடனே எடுத்தார்.

"மாப்ள, எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில மச்சான். செங்கத்துக்கு லோடு போயிருந்தேன், இப்பதான் வந்து சேந்தேன். இது தனியாவே பஸ் ஏறிக் கீழ வந்துடுச்சு. வயித்து வலின்னு மருந்து குடுத்து ஒக்கார வெச்சிருக்காங்க."

"அவ இன்னா சொன்னா?"

"இன்னாவோ மீனு மீனுன்னு காட்டுது மச்சான். பேப்பர்லயும் எழுதிக் குடுத்துருக்கு, 'வயிறு, மீன் இல்ல'ன்னு. மீன் துன்னு ஒத்துக்கலயான்னு கேட்டா இல்லன்னு தலய ஆட்டுது. மீன் வேணுமான்னு கேட்டா அழுவுது."

"மாப்ள, அது மீன் இல்ல. கொழந்த. கொழந்த அசையலன்னு சொல்றா."

நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

"இன்னா மச்சான் சொல்றீங்க?"

"காலைலருந்து அசையல. ஓடுங்க. நர்சம்மாகிட்ட போனக் குடுங்க."

ஓடும் சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் குரல் வந்தது. நானும் செவிலியர் என்று சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா பதறிவிட்டார். "ஏங்க, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை.

"சொல்லிக்கிட்டேதாங்க இருந்துருக்கா," என்றேன்.

ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை. மறுநாள் பிறக்க வைத்தார்கள். பெண் குழந்தை.

5

வேலு பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்குச் சந்தேகம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி நின்று என்னை மூன்று தடவை அழைத்திருக்கிறாள். கிடைக்கவில்லை என்றதும் வீட்டைப் பூட்டி, கர்ப்பிணி அட்டையை எடுத்துக்கொண்டு நடந்துபோய்ப் பேருந்து பிடித்திருக்கிறாள். வேலுவுக்கு 'வயிறு பஸ்' என்று எழுதி அனுப்பினாள். அவர் மாதாந்திரப் பரிசோதனை என்று நினைத்து, சரக்கை இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

மருத்துவமனையில் 'கூட யாரு வந்துருக்கா?' என்று கேட்டிருக்கிறார்கள். அவள் போனைக் காட்டியிருக்கிறாள். போனில் இருக்கும் அண்ணன்தான் தன் கூட வந்த ஆள் என்று சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு எப்படிப் புரியும்? அங்கிருந்து ஆறு தடவை அழைத்தாள். அந்தப் பதினெட்டு நொடி வீடியோ போய்ச் சேர்ந்ததும் அவளுடைய இரண்டு ஜிபியும் தீர்ந்துபோயிற்று.

குழந்தையின் துடிப்பு எப்போது நின்றது என்று சொல்ல முடியாது, விடியும் முன்பே நின்றிருக்கலாம் என்று மருத்துவர் வேலுவிடம் சொன்னார். என் படிப்பும் அதையேதான் சொல்கிறது. பேருந்தில் நான் அந்த அழைப்பை எடுத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்பது ஒரு கணக்கு. மாறியிருக்கும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டில் எது சரி என்று யாரும் எனக்குச் சொல்லப் போவதில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

6

அந்தப் புதன்கிழமையே அளவில்லாத டேட்டாவுக்கு மாறினேன். அவளுக்கும் இருப்பதிலேயே பெரிய திட்டத்தைப் போட்டேன். அவள் எடுக்கவில்லை. ஞாயிறும் எடுக்கவில்லை. வேலுவின் போனில் அழைத்தால் அவர் போனை அவள் பக்கம் திருப்புவார். அவள் எழுந்து போய்விடுவாள். காது கேட்கிறவர்கள் கோபித்துக்கொண்டால்கூட நம் குரல் அவர்கள் காதில் விழும். அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், நான் சொல்லும் எதுவும் அவளுக்குப் போய்ச் சேராது.

மாதங்கள் போயின. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். வீடு வாங்கினோம்.

இங்கே இனியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இங்கேயே வளர்ந்தவள். எங்கள் தமிழ் அவளிடம் வருடா வருடம் தேய்ந்துகொண்டு வருகிறது. 'எனக்கு டூத் விழுந்துட்டான்' என்பாள். வேலூரில் இருக்கும் ரேவதியின் அம்மாவிடம் போனைக் கொடுத்தால் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்கு எங்களைப் பார்ப்பாள். இதை நினைத்து நானும் ரேவதியும் கவலைப்படாத வாரம் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு வருடம் அனுப்பினோம். கால்பந்து பயிற்சி அதே நேரத்தில் வந்ததும் அதுவும் நின்றது.

சித்திரை வாக்கில் ஒரு நாள் அவள் ரேவதியின் போனைச் சுவரில் சாய்த்துவைத்து, அதன் முன்னால் நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ நடனம் பழகுகிறாள் என்று நினைத்து அருகில் போனேன். தன் இரண்டு பின்னலையும் இழுத்துக் காட்டினாள். அது அம்சா அவளுக்கு வைத்த பெயர். பிறகு பல்லைத் தொட்டாள், விழுந்ததைக் காட்டினாள், தோளில் மழையைத் தட்டினாள்.

"என்னம்மா பண்றே?"

"அத்தைக்கு வீடியோ. டெய்லி அனுப்புவேன்."

"அத்தை பாக்கறாளா?"

"பாக்கும். எனக்கு ரிப்ளை பண்ணும்."

பழைய செய்திகளைத் தள்ளிக் காட்டினாள். அம்சாதான். சாமை வயலைக் காட்டுகிறாள், ஆட்டுக்குட்டியைக் காட்டுகிறாள், இனியாவின் பல் எங்கே என்று கேட்கிறாள். தை மாதத்துக்குப் பிறகு நான் பார்க்காத முகம். இனியாவின் ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகவில்லை. நான் பேசும்போது மடியில் உட்கார்ந்து எங்கள் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஊரில் எங்கள் சனத்தில் என் மகளால் தடையில்லாமல் பேச முடிந்த ஒரே ஆள் என் தங்கைதான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"உங்களுக்குக் காட்டக்கூடாதுன்னு அத்தை சொன்னாங்க," என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "ஸாரிப்பா," என்றாள்.

7

ஆடி மாதம் இங்கே பள்ளி விடுமுறை. மூவரும் ஊருக்குப் போனோம். மலையடிவாரத்தில் படவேட்டுப் பக்கம் நெல் நட்டிருந்தார்கள். மலையில் சாமை முழங்கால் உயரம் வந்திருந்தது. அம்சா இனியாவைக் கட்டிக்கொண்டாள், ரேவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என் எதிரே வந்து நின்றாள். அவள் கைகள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அன்று ஒன்பது தடவை அழைத்தேன். அந்தப் பக்கம் எடுக்கிறவரை திரையில் யார் முகம் தெரியும், தெரியுமா?"

எனக்குத் தெரியும். வீடியோவில் அழைக்கும்போது மறுபக்கம் எடுக்காதவரை நம் முகம்தான் தெரியும்.

"ஒன்பது தடவையும் என் முகத்தையே பார்த்தேன். நீ வரவில்லை."

டேட்டா தீர்ந்துவிட்டது என்பதைக் கையால் சொல்ல எங்களிடம் சொல் இல்லை. பணம் என்று காட்டினேன், குறைவு என்று காட்டினேன், தப்பு என்று நெஞ்சில் தட்டிக்கொண்டேன்.

"பணம் எனக்குப் புரியும். ஆனால் என்னிடம் கேட்டாயா?" என்றாள். "நீயே குறைத்தாய். நீயே ஞாயிறு என்றாய். போனை நான் உன்னோடு பேச மட்டும் வைத்திருக்கிறேன் என்று நினைத்தாய்."

பிறகு சொன்னதுதான் எனக்கு அதுவரை தெரியாதது. விடுதிப் பள்ளியில் அவளோடு படித்த நான்கு பெண்கள் செங்கத்திலும் போளூர்ப் பக்கத்திலுமாக வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். தினமும் பிற்பகலில் அவர்கள் ஐவரும் வீடியோவில் ஒன்றுகூடுவார்களாம். புளி கொட்டை எடுத்துக்கொண்டே, அரிசி புடைத்துக்கொண்டே, போனைச் சாய்த்துவைத்துப் பேசுவார்களாம். எங்கள் கைப்பேச்சைவிட அவர்களுடைய பேச்சு பெரியது, பள்ளியில் கற்றது. நான் மாற்றிய திட்டத்தில் இரண்டு நாளிலேயே டேட்டா தீர்ந்துவிடும் என்று தெரிந்ததும், எனக்கான ஞாயிறைக் காப்பாற்ற அவள் அவர்களை விட்டுவிட்டாள்.

"தை மாதம் இரண்டு நாளாகவே அசைவு குறைந்தது. எட்டாம் மாதத்தில் அப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். அந்த நால்வரில் மல்லிகா வீடியோவில் இருந்தால் கேட்டிருப்பேன். அவளுக்கு இரண்டு குழந்தைகள்."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பேருந்தில் எடுக்காத ஒன்பது அழைப்புகளை மட்டும் ஏழு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அதற்கு முன்னால், ஒரு வருடமாக, அவள் பேச்சு முழுவதையும் நிறுத்தி வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியவே இல்லை. பாசத்தோடு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தேன்.

"இப்போது பெரிய திட்டம் போட்டிருக்கிறேன்," என்று காட்டினேன்.

"அதை எனக்காகப் போடு. உனக்காகப் போடாதே," என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் கை நீட்டி, ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டினாள். அது வேலு. "அவருக்கும் கற்றுக்கொடு. நான் சொன்னால் கேட்பதில்லை, அண்ணன் சொன்னால் கேட்பார். அடுத்த தடவை என் பக்கத்தில் இருக்கிறவருக்குப் புரிய வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு இல்லை."

8

மீதமிருந்த பதினேழு நாளும் வேலு வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் அவரை வீட்டு முற்றத்தில் உட்கார வைத்தோம். முதலில் வெட்கப்பட்டார். "இந்த வயசுல என்னப் பள்ளிக்கூடத்துல சேக்கறீங்களே மச்சான்," என்றார். நான் கண்டிப்பான வாத்தியார் இல்லை. இனியாதான்.

"மாமா, நீங்க தப்பு. ஃபிங்கர் மேல போகணும். அத்தை, நீ திரும்ப காமி."

"இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு இப்டி வெரட்டுது?" என்று வேலு என்னைப் பார்ப்பார். அம்சா அவர் கையைப் பிடித்து விரலைச் சரியாக மடக்குவாள். மீன் என்பதைக் கற்றுக்கொடுத்த அன்று அவர் எழுந்துபோய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். ஐந்தாம் மாதத்திலிருந்து அவள் அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு சொல் தேவைப்படும் என்று இருவருமே நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திரும்பி வந்து, "இன்னொரு தபா காட்டு," என்றார்.

ஒரு கர்ப்பிணிக்கு அவசரத்தில் தேவைப்படும் பதினான்கு செய்திகளை நான் எழுதினேன். வலி, இரத்தம், நீர் போகிறது, தலை சுற்றுகிறது, குழந்தை அசையவில்லை. ஒவ்வொன்றுக்கும் இனியா கையை வரைந்தாள். அம்சா அதன் கீழே தமிழில் தன் கையெழுத்தில் எழுதினாள். எழுத்துக் கூட்டி, அழித்து, மறுபடி எழுதி. அதை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் கர்ப்பிணி அட்டைக்குள் வைக்கச் சொன்னேன், இன்னொன்றை ஊருக்கு வரும் கிராமச் செவிலியரிடம் கொடுத்தேன். அந்தம்மா படங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் கையால் செய்து பார்த்தார்.

மலிவான திட்டம் போதுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பல பேருக்குப் போதும். வீட்டில் வைஃபை இருந்தால், போனை எடுத்து 'ஹலோ' சொன்னால் காரியம் முடியும் என்றால், அந்த மலிவான திட்டமே நியாயமானது; அதற்கு மேல் கொடுப்பது வீண். ஆனால் இன்னொருவர் போனுக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள் என்றால், குறைப்பதற்கு முன் அவர் அதில் என்ன செய்கிறார் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இந்த மாசியில் அம்சாவுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் முழுவதும் மேலதிகாரியிடம் சொல்லி, போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். பேருந்தில் கையில் பிடித்துக்கொண்டே போனேன். திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை. புதன் காலை கிளம்பிக்கொண்டிருந்தபோது வேலுவின் அழைப்பு வந்தது.

"மச்சான், பையன். நேத்து மத்தியானமே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"நேத்தா? ஏன் மாப்ள கூப்புடல?"

"கூப்புட நேரமே இல்ல மச்சான். டாக்டரம்மா இன்னா கேட்டாலும் அதுகிட்ட நான் கேக்கறதும், அது சொல்றத நான் சொல்றதுமா கூடவே நின்னுட்டேன். என்ன வெளியவே அனுப்பல."

அவர் போனைத் திருப்பினார். அம்சா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. குழந்தையைக் காட்டினாள். நான் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினேன், என்ன சொல்வது என்று தெரியாமல் கீழே போட்டேன். அவள் இரு காதுகளின் பக்கமும் கையை வைத்துப் பின்னலை இழுப்பதுபோல் காட்டினாள்: இனியாவைக் கூப்பிடு.

இனியா பள்ளிச் சீருடையில் ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஓடிவந்தாள். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பேருந்துக்குக் கிளம்பினேன்.